மனித எலும்பு

எலும்பு என்பது முதுகெலும்பிகளின் உடலுக்கு உருவத்தையும் உறுதியையும் தரும் கடினமான, உயிருள்ள இழையம் ஆகும். 'என்பு' என்பது இதன் பழைய வடிவம். இலங்கைத் தமிழ்ப் பாடநூல்களில் அவ்வடிவம் இன்றும் வழங்குகிறது. வளர்ந்த மனிதனின் உடலில் பொதுவாக 206 எலும்புகள் உள்ளன. காய்ந்த எலும்பையே நாம் பெரும்பாலும் காண்பதால், அதைக் கல்லைப் போன்ற உயிரற்ற பொருள் எனக் கருதுவோர் பலர். அது சரியன்று. உடலினுள் இருக்கும் எலும்பில் குருதி ஓடுகிறது, நரம்புகள் உள்ளன, உயிரணுக்கள் ஓயாமல் அதை அரித்தும் கட்டியும் வருகின்றன. இதனாலேயே ஒருவர் பருகும் நீரும் உண்ணும் உணவும் செய்யும் தொழிலும் அவருடைய எலும்பில் பதிகின்றன. எலும்பின் அமைப்பையும் பணிகளையும் விளக்கும் இக்கட்டுரையில், நீருக்கும் எலும்புக்கும் உள்ள தொடர்பைக் காட்ட விருதுநகர் மாவட்டத்தின் அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரங்களின் வறண்ட நிலம் எடுத்துக்காட்டாகக் கொள்ளப்படுகிறது.

எண்ணிக்கையும் வகைகளும்

பிறக்கும் குழந்தையின் உடலில் ஏறத்தாழ 270 முதல் 300 வரையான எலும்புப் பகுதிகள் உள்ளன. வளர வளர இவற்றுள் பல ஒன்றோடொன்று இணைந்து 206 ஆகின்றன. மண்டையோடு, முதுகெலும்புத் தொடர், விலா எலும்புகள், மார்பெலும்பு முதலியன அடங்கிய அச்சுச் சட்டகத்தில் 80 எலும்புகளும், தோள், இடுப்பு, கைகால்கள் அடங்கிய இணையுறுப்புச் சட்டகத்தில் 126 எலும்புகளும் உள்ளன. ஒவ்வொரு கையிலும் மணிக்கட்டு முதல் விரல் நுனி வரை 27, ஒவ்வொரு பாதத்திலும் 26 என, மொத்தத்தில் பாதிக்கும் மேற்பட்ட எலும்புகள் கைகளிலும் பாதங்களிலுமே அமைந்திருப்பது குறிப்பிடத்தக்கது. வடிவத்தைக் கொண்டு எலும்புகளை நீள எலும்பு, குறு எலும்பு, தட்டை எலும்பு, ஒழுங்கற்ற எலும்பு என வகைப்படுத்துவர். முழங்காற் சில்லு போலத் தசைநாணுக்குள் உருவாகும் எலும்புகள் தனி வகை. மிகப் பெரியது தொடையெலும்பு. மிகச் சிறியது நடுக்காதில் உள்ள அங்கவடி எலும்பு. இதன் நீளம் ஏறத்தாழ 3 மில்லிமீட்டர்.

கட்டமைப்பு

எலும்பு இருவகைப் பொருள்களால் ஆனது. எடையில் ஏறத்தாழ மூன்றில் இரு பங்கு கனிமப் பொருள்; எஞ்சியதில் பெரும்பகுதி கொலாஜன் என்னும் புரதம், சிறுபகுதி நீர். கனிமப் பொருள் என்பது கால்சியமும் பாசுபேட்டும் சேர்ந்த ஐட்ராக்சி அபடைட்டு என்னும் நுண்படிகம் ஆகும். அருப்புக்கோட்டைக்கு அருகில் பந்தல்குடிப் பகுதியில் வெட்டியெடுக்கப்படும் சுண்ணாம்புக்கல்லும் கால்சியத்தால் ஆனதே. எனினும் அது கார்பனேட்டு. எலும்பில் உள்ளது முதன்மையாகப் பாசுபேட்டு. ஆகவே எலும்பைச் 'சுண்ணாம்பு' என்று வழக்கில் குறிப்பிடுவது பாதி மட்டுமே சரி.

இவ்விரு பொருள்களின் பங்கையும் மாணவர்கள் வீட்டிலேயே கண்டறியலாம். தூய்மை செய்த கோழிக்கால் எலும்பொன்றைப் புளிக்காடியில் (வினிகர்) மூழ்கவைத்து, காடியை இடையிடையே மாற்றிச் சில நாள்கள் விட்டால், அமிலம் கனிமத்தைக் கரைத்துவிடும். எஞ்சும் எலும்பு உருவம் மாறாமல் ரப்பர் போல வளையும். மாறாக, எலும்பை நெருப்பில் நன்கு எரித்தால் புரதம் அழிந்து கனிமம் மட்டும் எஞ்சும். அதுவும் உருவம் மாறாமல் இருக்கும், ஆனால் விரலால் அழுத்தினால் நொறுங்கும். கனிமம் கடினத்தையும் புரதம் முறியாத் தன்மையையும் தருகின்றன என்பது இதனால் விளங்கும். இவ்விரண்டின் விகிதம் மாறினால் எலும்பு என்னவாகும் என்பதை இக்கட்டுரையின் பிற்பகுதியில் காணலாம்.

கொலாஜனின் அமைப்பைக் கண்டறிந்ததில் தமிழ்நாட்டுக்குச் சிறப்பான பங்கு உண்டு. சென்னைப் பல்கலைக்கழகத்தின் இயற்பியல் துறைக்குத் தலைமை வகித்த கோ. நா. இராமச்சந்திரன், தம்முடன் பணியாற்றிய கோபிநாத் கர்த்தாவுடன் இணைந்து, கொலாஜன் மூன்று புரதச் சங்கிலிகள் ஒன்றையொன்று சுற்றிய முப்புரி வடிவினது என்னும் கருத்தை 1954இல் 'நேச்சர்' இதழில் வெளியிட்டார். 1955இல் அவர்களே அதைத் திருத்தி மேம்படுத்தினர். முப்புரிக் கயிறு ஒற்றை நாரைவிட இழுவிசையைத் தாங்குவது போன்றே கொலாஜனும் தாங்குகிறது. சங்கிலியில் ஒவ்வொரு மூன்றாம் இடத்திலும் கிளைசின் என்னும் மிகச் சிறிய அமினோ அமிலம் இருந்தாலன்றி மூன்று புரிகளும் நெருங்கிப் பின்ன இயலாது. பிறவியிலேயே எலும்புகள் எளிதில் முறியும் நோயுடைய பலரிடம் இந்தக் கிளைசின் ஓரிடத்தில் மாறியிருப்பதே காரணம் என்று பின்னாளில் அறியப்பட்டது.

நீள எலும்பொன்றைக் குறுக்கே வெட்டினால், வெளிப்புறம் நெருக்கமான கெட்டி எலும்பும், முனைகளின் உட்புறத்தில் பஞ்சு போன்ற எலும்பும், தண்டின் நடுவில் மச்சை நிறைந்த குழியும் காணப்படும். கெட்டி எலும்பில், நடுவில் குருதிக்குழாய் செல்லும் நுண்கால்வாயைச் சுற்றி மரத்தின் ஆண்டு வளையங்கள் போன்ற அடுக்குகள் அமைந்துள்ளன. இவற்றை விவரித்த ஆங்கில மருத்துவர் கிளாப்டன் ஹேவர்சின் நூல் 1691இல் வெளிவந்தது. அக்கால்வாய்கள் இன்றும் அவர் பெயராலேயே வழங்குகின்றன. எலும்பின் மேற்பரப்பைப் போர்த்தியுள்ள என்புறையில் நரம்புகள் மிகுதி. முழங்காலுக்குக் கீழே முன்பக்கத்தில் அடிபட்டால் உயிர் போவது போல வலிப்பது இதனால்தான்.

எலும்பின் உயிரணுக்கள்

எலும்பாக்கும் அணுக்கள் கொலாஜனைச் சுரந்து அதன்மேல் கனிமம் படிய வழிசெய்கின்றன. அவற்றுள் சில தாம் கட்டிய சுவருக்குள் தாமே சிக்கிக்கொண்டு எலும்பணுக்களாக மாறுகின்றன. இவை நுண்கால்வாய்கள் வழியே ஒன்றோடொன்று தொடர்புகொண்டு, எலும்பின்மீது விழும் பளுவை உணர்கின்றன. எலும்பழிக்கும் அணுக்கள் அமிலத்தையும் நொதிகளையும் சுரந்து பழைய எலும்பைக் கரைக்கின்றன. ஓரிடத்தில் அரிப்பு மூன்று வாரங்களில் முடிந்துவிடும்; அந்தக் குழியை நிரப்பிக் கட்ட மூன்று, நான்கு மாதங்கள் ஆகும். இடிப்பது எளிது, கட்டுவது அரிது என்பது இங்கும் பொருந்தும். வளர்ந்தோரின் எலும்பில் ஆண்டுக்கு ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு இவ்வாறு புதுப்பிக்கப்படுகிறது.

பளு விழும் திசைக்கேற்ப எலும்பு தன் உள்ளமைப்பை மாற்றிக்கொள்கிறது என்று செருமானிய மருத்துவர் யூலியசு வொல்ஃப் 1892இல் வெளியிட்ட நூலில் விளக்கினார். பளுவே இல்லாவிட்டால் எலும்பு தேய்கிறது. விண்வெளி நிலையத்தில் தங்கும் வீரர்கள் உரிய உடற்பயிற்சி இல்லாவிடில் மாதந்தோறும் இடுப்பெலும்பின் அடர்த்தியில் ஏறத்தாழ நூற்றில் ஒரு பங்கை இழக்கின்றனர். நெடுநாள் படுக்கையில் கிடக்கும் முதியோருக்கும் இதே நிலைதான்.

பணிகள்

உடலைத் தாங்குதல், மூளை, இதயம், நுரையீரல் போன்ற மென்மையான உறுப்புகளைக் காத்தல், தசைகளுக்கு நெம்புகோலாக நின்று அசைவுக்கு உதவுதல் ஆகியன எல்லோரும் அறிந்தவை. நடுக்காதின் மூன்று சிற்றெலும்புகள் ஒலியதிர்வை உட்காதுக்குக் கடத்துகின்றன.

அதிகம் அறியப்படாத பணிகள் இரண்டு. முதலாவது குருதி ஆக்கம். வளர்ந்தோரில் மார்பெலும்பு, இடுப்பெலும்பு, முதுகெலும்பு, விலா எலும்பு, தொடையெலும்பின் மேல்முனை போன்றவற்றில் உள்ள செம்மச்சை, நொடிக்கு ஏறத்தாழ இருபது இலட்சம் செங்குருதி அணுக்களை உருவாக்குகிறது. வெண்குருதி அணுக்களும் குருதித் தட்டுகளும் இங்கேயே தோன்றுகின்றன. இரண்டாவது கனிமச் சேமிப்பு. உடலில் உள்ள ஏறத்தாழ ஒரு கிலோகிராம் கால்சியத்தில் நூற்றுக்கு 99 பங்கு எலும்பிலும் பற்களிலும் உள்ளது. எஞ்சிய ஒரு பங்கின்றி இதயம் துடிக்காது, தசை சுருங்காது, குருதி உறையாது. எனவே குருதியில் கால்சியம் குறைந்த உடனே இணைக்கேடயச் சுரப்பிகள் தம் இயக்குநீரைச் சுரந்து எலும்பிலிருந்து கால்சியத்தை எடுக்கச் செய்கின்றன. உணவில் போதிய கால்சியம் இல்லாத ஒருவரின் குருதிச் சோதனை இயல்பாகவே இருப்பது இதனால்தான். குறை முழுவதையும் எலும்பு ஓசையின்றி ஈடுகட்டிக்கொண்டிருக்கும்.

வளர்ச்சியும் அகவைக் கணிப்பும்

நீள எலும்புகளின் முனைக்கருகே உள்ள குருத்தெலும்புத் தட்டு, எலும்பை நீளச் செய்கிறது. பதின்ம அகவையில் இத்தட்டுகள் ஒவ்வொன்றாக எலும்பாகி மூடிக்கொள்கின்றன; பெண்களுக்கு இது சற்று முன்னதாக நிகழும். காரை எலும்பின் உள்முனை இருபதுகளில்தான் முழுதும் இணைகிறது. மணிக்கட்டு, முழங்கை ஆகியவற்றின் ஊடுகதிர்ப் படங்களைக் கொண்டு அகவையைக் கணிப்பது இதன் அடிப்படையில்தான். ஆயினும் இக்கணிப்பில் இருபுறமும் ஈராண்டு வரை பிழை நேரலாம் என இந்திய உச்ச நீதிமன்றம் 1982இலேயே செயமாலா வழக்கில் குறிப்பிட்டது. 2015ஆம் ஆண்டின் இளஞ்சிறார் நீதிச் சட்டம் பள்ளிச் சான்று, பிறப்புச் சான்று ஆகியவை இல்லாதபோது மட்டுமே எலும்புச் சோதனையை நாடுமாறு கூறுகிறது.

புளோரைடும் எலும்பும்

அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரம் மேற்குத் தொடர்ச்சி மலையின் மழைமறைவில் அமைந்த கரிசற்பாங்கான நிலம். விருதுநகர் மாவட்டத்தின் ஆண்டு மழை ஏறத்தாழ 800 மில்லிமீட்டர். அதில் பெரும்பகுதி வடகிழக்குப் பருவத்தில் சில வாரங்களுக்குள் பெய்து முடிந்துவிடும். திருச்சுழி வழியே ஓடும் குண்டாறு ஆண்டின் பெரும்பகுதி மணலாகவே கிடக்கும். கண்மாய்களும் ஊருணிகளும் குடிநீர் தந்த காலம் போய், ஆழ்துளைக் கிணறுகள் பெருகின. மேலே இருப்பது கரிமண் என்றாலும் கீழே இருப்பது பழம்பாறை. இத்தகைய பாறைகளின் இடுக்குகளில் நெடுங்காலம் தங்கும் நீர், அவற்றிலுள்ள கனிமங்களிலிருந்து புளோரைடைக் கரைத்துக்கொள்கிறது. நிலத்தடி நீரில் புளோரைடு வரம்பை மீறிய இடங்கள் உள்ள மாவட்டங்களாக மத்திய நிலத்தடி நீர் வாரியம் குறிப்பிடுபவற்றுள் தருமபுரி, கிருட்டிணகிரி, சேலம் ஆகியவற்றுடன் விருதுநகரும் ஒன்று. மாவட்டம் முழுவதும் அப்படி என்று இதற்குப் பொருளன்று. ஒரே ஊரில் ஒரு கிணறு நன்றாகவும் அடுத்த கிணறு கெட்டும் இருக்கலாம்.

இங்கு மக்கள் நீரை 'நல்ல தண்ணி', 'உப்புத் தண்ணி' என நாவால் பிரிப்பர். புளோரைடைப் பொறுத்தவரை நாக்கு உதவாது. இந்த அளவுகளில் அதற்குச் சுவையோ மணமோ நிறமோ இல்லை. அதைவிட முக்கியமானது, கால்சியம் மிகுந்த கடின நீரில் புளோரைடு கால்சியத்தோடு சேர்ந்து படிந்துவிடும் வாய்ப்பு மிகுதி; கால்சியம் குறைந்த மென்னீரிலேயே அது கரைந்து நிற்கும். பருப்பு நன்றாக வேகும் நீர் என்பதற்காக அது எலும்புக்கு நல்லது என்று கொள்ள முடியாது.

இந்தியத் தர நிறுவனத்தின் 2012ஆம் ஆண்டுக் குடிநீர்த் தரப்படி புளோரைடு ஒரு லிட்டருக்கு 1 மில்லிகிராமுக்கு உட்பட்டிருத்தல் வேண்டும். வேறு நீர் இல்லாதபோது 1.5 மில்லிகிராம் வரை ஏற்கலாம். உலகச் சுகாதார நிறுவனத்தின் வரம்பும் 1.5 தான். இதற்கு மேற்பட்ட நீரைப் பருகும் சிறுவர்களின் நிலைப்பற்களில் வெண்திட்டுகளும் பழுப்புக் கோடுகளும் தோன்றுகின்றன. 3 முதல் 6 மில்லிகிராம் வரையுள்ள நீரைப் பல ஆண்டுகள் பருகுவோருக்கு எலும்பில் மாற்றங்கள் தென்படலாம். இவ்வரம்புகள் எல்லோருக்கும் ஒன்றாகப் பொருந்துபவை அல்ல. வெயிலில் களை எடுப்பவரும் விறகுக்கரி மூட்டம் போடுபவரும் நிழலில் இருப்பவரைவிடப் பன்மடங்கு நீர் பருகுகின்றனர். நீரின் அளவு இரட்டித்தால் உடலில் சேரும் புளோரைடும் இரட்டிக்கும்.

எலும்புப் படிகத்தில் உள்ள ஐட்ராக்சைலின் இடத்தைப் புளோரைடு பிடித்துக்கொள்கிறது. அத்துடன் எலும்பாக்கும் அணுக்களையும் அது தூண்டுகிறது. விளைவாக எலும்பு அடர்த்தியாகிறது. ஊடுகதிர்ப் படத்தில் வழக்கத்தைவிட வெண்மையாகத் தெரியும். பார்வைக்கு வலுவானதாகத் தோன்றும் இவ்வெலும்பு உண்மையில் எளிதில் நொறுங்கக்கூடியது. காலப்போக்கில் தசைநார்களும் கனிமமேறி இறுகுகின்றன. முதலில் முதுகிலும் மூட்டுகளிலும் வலி. பின்னர் கழுத்தைத் திருப்பவோ தரையில் சம்மணமிட்டு அமரவோ இயலாமை. முற்றிய நிலையில் முதுகெலும்புத் தொடர் முழுவதும் ஒரே கோல்போல் விறைத்து, தண்டுவடம் நசுங்கிக் கைகால் செயலிழக்கவும் கூடும். தொடக்க நிலை வலி சாதாரண மூட்டுவலி போன்றே இருப்பதால் 'வாதம்' என்று விட்டுவிடுவது வழக்கமாக உள்ளது. கட்டமைப்பில் ஏறிய புளோரைடை முழுவதும் அகற்றும் மருந்து இல்லை.

இந்நோய் மருத்துவ உலகுக்கு விரிவாக அறிமுகமானதும் அன்றைய சென்னை மாகாணத்திலிருந்துதான். கிண்டி கிங் நிறுவனத்தின் இயக்குநராக இருந்த எச். இ. சார்ட்டு, சென்னை மருத்துவர் மெக்ராபர்ட்டு, ஊடுகதிர் வல்லுநர் பார்னார்டு, மன்னாடி நாயர் ஆகியோர், அப்போது சென்னை மாகாணத்தைச் சேர்ந்த நெல்லூர் மாவட்டத்து நோயாளிகளை ஆராய்ந்து 1937இல் இந்திய மருத்துவ ஆராய்ச்சி இதழில் கட்டுரை வெளியிட்டனர். 1973இல் ஐதராபாத்தைச் சேர்ந்த கிருட்டிணமாச்சாரி, கிருட்டிணசாமி ஆகியோர் புளோரைடு மிகுந்த பகுதிச் சிறுவர்களிடம் முழங்கால்கள் உட்புறமாக வளையும் நிலையை 'லான்செட்' இதழில் விவரித்தனர். கால்சியம் குறைந்த உணவு இக்கேட்டை மிகுவிக்கிறது.

தீர்வு என்பது நீரை மாற்றுவதே. நீரைக் கொதிக்கவைத்தால் கிருமிகள் அழியும், புளோரைடு போகாது. நீராவி வெளியேறுவதால் அதன் செறிவு கூடவே செய்யும். படிகாரமும் சுண்ணாம்பும் கலந்து தெளியவைக்கும் நல்கொண்டா முறையை நாக்பூரில் உள்ள தேசியச் சுற்றுச்சூழல் பொறியியல் ஆய்வு நிறுவனம் உருவாக்கியது. தருமபுரி, கிருட்டிணகிரி மாவட்டங்களுக்காகத் தொடங்கப்பட்ட ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013இல் பயன்பாட்டுக்கு வந்தது. அதன் பெயரிலேயே புளோரைடு பாதிப்புக் குறைப்பு என்பது இடம்பெற்றிருந்தது. அருப்புக்கோட்டைப் பகுதிக்குத் தாமிரபரணி ஆற்று நீர் குழாய் வழியே கொண்டுவரப்படுகிறது. ஆற்று நீரில் பொதுவாகப் புளோரைடு குறைவு. ஆனால் குழாய் நீர் வராத நாள்களில் ஊர்கள் மீண்டும் ஆழ்துளைக் கிணற்றையே நாடுகின்றன. தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகத்தில் கிணற்று நீரைச் சோதித்தறியலாம். கூரை மழைநீரில் புளோரைடு மிகச் சிறிதளவே இருக்கும். எனவே ஊருணியும் மழைநீர்த் தொட்டியும் எலும்பு மருத்துவத்தின் ஒரு பகுதி என்று சொன்னால் மிகையாகாது.

புளி உண்பது சிறுநீர் வழியே புளோரைடு வெளியேறுவதைக் கூட்டுகிறது என்று ஐதராபாத்துத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தார் பள்ளிச் சிறுவர்களிடம் செய்து 2002இல் வெளியிட்ட ஆய்வு காட்டியது. இது துணை மட்டுமே. கெட்ட நீருக்கு மாற்று அன்று.

உணவும் வெயிலும்

வளர்ந்தோருக்கு நாளொன்றுக்கு 1000 மில்லிகிராம் கால்சியம் தேவை என 2020இல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் பரிந்துரைத்தது. சிறுதானியம் எல்லாம் எலும்புக்கு வலு என்ற பேச்சு பரவலாக உள்ளது. உண்மையில் 100 கிராம் கேழ்வரகில் 350 மில்லிகிராம் அளவுக்குக் கால்சியம் இருக்க, கரிசல் நிலத்தின் முதன்மைப் பயிர்களாக இருந்த கம்பிலும் சோளத்திலும் 30 மில்லிகிராம்கூட இல்லை. கம்பு வேறு வகையில் நல்ல உணவு. கால்சியத்துக்காக அதை நம்ப இயலாது. கம்மங்கூழுடன் மோர் சேர்க்கும் பழக்கம் இக்குறையை ஓரளவு நிரப்புகிறது. முருங்கைக்கீரை, எள், சிறுமீன் ஆகியன பிற மூலங்கள். எள்ளின் கால்சியம் விதையில்தான் உள்ளது, நல்லெண்ணெயில் இல்லை. ஆட்டுக்கால் சாறு முறிந்த எலும்பைக் கூட்டும் என்பது வெறும் நம்பிக்கை. எலும்பின் கனிமம் நீரில் எளிதில் கரையாது.

உணவிலுள்ள கால்சியத்தைக் குடல் உறிஞ்ச உயிர்ச்சத்து டி வேண்டும். தோலின்மீது வெயில் படுவதால் அது உருவாகிறது. வெயிலுக்குப் பஞ்சமில்லாத ஊரில் இக்குறை ஏன் வர வேண்டும் என்று கேட்கலாம். அருப்புக்கோட்டை நெசவுத் தொழிலுக்குப் பெயர்பெற்றது. தறியின் முன் காலை முதல் மாலை வரை கூரைக்குள் அமர்ந்திருப்பவருக்கு வெளியே அடிக்கும் வெயிலால் பயனில்லை. கடை, அலுவலகம், வகுப்பறை ஆகியவற்றில் இருப்போருக்கும் இதுவே நிலை.

ஏறத்தாழ முப்பது அகவையில் எலும்பின் அடர்த்தி உச்சத்தை அடைந்து பின் மெல்லக் குறைகிறது. மாதவிடாய் நின்றபின் ஈத்திரோசன் குறைவதால் பெண்களுக்கு இத்தேய்வு விரைவாகிறது. மணிக்கட்டு, முதுகெலும்பு, இடுப்பு ஆகிய மூன்று இடங்களில் முறிவுகள் மிகுதியாக நேர்கின்றன.

முறிவும் கட்டும்

எலும்பு முறிந்த இடத்தில் முதலில் குருதி கட்டி நிற்கும். சில நாள்களில் அங்கே குருத்தெலும்பும் நாரும் கலந்த மென்பாலமும், சில வாரங்களில் கடின எலும்புப் பாலமும் உருவாகின்றன. அதன்பின் மாதக்கணக்கில், சிலவேளை ஆண்டுக்கணக்கில், அது பழைய வடிவுக்குச் செதுக்கப்படுகிறது. தழும்பின்றித் தன்னைப் புதுப்பித்துக்கொள்ளும் மிகச் சில இழையங்களுள் எலும்பும் ஒன்று.

தமிழகச் சிற்றூர்களில் எலும்பு முறிவு என்றவுடன் நினைவுக்கு வருவது புத்தூர் கட்டு. ஆந்திரத்தின் சித்தூர்ப் பகுதியிலுள்ள புத்தூரின் பெயரால் வழங்கும் இம்முறை தமிழ்நாட்டுப் பெயர்ப்பலகைகளிலும் பரவலாகக் காணப்படுகிறது. முறிந்த முனைகளை நேராக்கி அசையாமல் மூங்கிற்பத்தை வைத்துக் கட்டினால், எளிய முறிவுகள் கூடிவிடுகின்றன, கூட்டுவது எலும்பே. ஆனால் மூட்டுக்குள் முறிவு, தோலைக் கிழித்து வெளிவந்த முறிவு, முழங்கைக்கு மேலே குழந்தைகளுக்கு நேரும் முறிவு ஆகியவற்றில் இது போதாது. கட்டு இறுகினால் உள்ளே வீக்கம் கூடிக் குருதியோட்டம் தடைப்படும். விரல்கள் வெளுத்தல், குளிர்தல், மரத்துப்போதல், விரலை நீட்டும்போது தாங்க முடியாத வலி ஆகியவை அதன் அறிகுறிகள். அந்நிலையில் சில மணிநேரத்துக்குள் கட்டைத் தளர்த்தி மருத்துவமனைக்குச் செல்லாவிடில் தசைகள் இறந்து கை நிலையாகச் சுருங்கிவிடும். இது மாவுக்கட்டுக்கும் பொருந்தும்.

தொல்லியலில் எலும்பு

தசையும் தோலும் அழிந்தபின்னும் எலும்பு நெடுங்காலம் எஞ்சுவதால் பண்டை மக்களைப் பற்றி அறிய அது உதவுகிறது. தூத்துக்குடி மாவட்டத்து ஆதிச்சநல்லூரில் அலெக்சாண்டர் ரீ அகழ்ந்தெடுத்த முதுமக்கள் தாழிகளில் கிடைத்த மண்டையோடுகளைப் பற்றிச் சாலி சக்கர்மன் எழுதிய ஆய்வு 1930இல் சென்னை அரசு அருங்காட்சியக வெளியீடாக வந்தது. கீழடியை அடுத்த கொந்தகை ஈமக்காட்டிலும் தாழிகளுக்குள் எலும்புகள் கிடைத்துள்ளன. இடுப்பெலும்பின் அகலம் பாலினத்தையும், பற்களின் தேய்வும் எலும்பு முனைகளின் இணைவும் அகவையையும், தொடையெலும்பின் நீளம் உயரத்தையும் தெரிவிக்கின்றன. புளோரைடு ஏறிய எலும்பும் அவ்வாறே மண்ணுக்குள்ளும் அதைத் தக்கவைத்துக்கொள்கிறது. அத்துடன் புதைந்த எலும்பு நிலத்தடி நீரிலிருந்தும் புளோரைடைத் தொடர்ந்து உறிஞ்சும். ஒரே இடத்தில் கிடைத்த இரு எலும்புகள் ஒரே காலத்தவையா என அறிய இவ்வியல்பு பயன்படுகிறது. இங்கிலாந்தில் நெடுநாள் ஆதிமனிதனுடையதாகக் கருதப்பட்ட பில்ட்டவுன் மண்டையோடு பழமையானது அன்று என்ற ஐயம் 1949இல் இந்தப் புளோரைடுச் சோதனையால் வலுத்தது. 1953இல் அது போலி என மெய்ப்பிக்கப்பட்டது.